'அப்பா, பிதாவே': மாற்கு 14:36-இல் வரும் அரமேயச் சொல் மழலையா?

திண்ணை வாசகர்:
கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்" என்று மன்றாடுகிறார். இதில் உள்ள, இயேசு பேசிய அரமேய மொழியின் 'அப்பா' கைக்குழந்தையின் மழலை என்று பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஜெர்மானிய அறிஞர் யோவாகிம் எரேமியாஸும் அச்சொல்லின் தோற்றத்தை மழலையில்தான் கண்டார். கடவுளை அவ்வளவு நெருக்கமாக விளித்ததே இந்த மன்றாட்டின் ஆழம் என்பது என் கருத்து.

ஏட்டுச்சுவடி:
ஐயா, எரேமியாஸே பின்னாளில் அதை வெறும் மழலையாகக் கொள்வதிலிருந்து பின்வாங்கினார். 1988-இல் விவிலிய அறிஞர் ஜேம்ஸ் பார் அந்த வாதத்தை விரிவாகவே மறுத்தார். ஆதியாகமம் 22:7-இல், விறகைச் சுமந்து மலையேறும் அளவுக்கு வளர்ந்த ஈசாக்கு ஆபிரகாமைக் கூப்பிடும் இடத்தில், ஓன்கெலோஸ் எனப்படும் பழைய யூத அரமேய மொழிபெயர்ப்பு 'அப்பா' என்றே எழுதுகிறது. கிரேக்கத்தில் குழந்தைகள் சொல்லும் 'பப்பாஸ்' என்ற சொல் ஹோமர் காலத்திலிருந்தே இருந்தும், கிரேக்கத்தில் எழுதிய மாற்கு அதை எடுக்காமல், தந்தையைக் குறிக்கப் பெரியவர்களும் வழங்கும் 'பதேர்' என்பதையே பக்கத்தில் வைத்தார். அதே மன்றாட்டை மத்தேயு 'என் பிதாவே' என்றும், லூக்கா 'பிதாவே' என்றும் எழுதினார்கள்.

திண்ணை வாசகர்:
அப்படியானால், கிரேக்கம் பேசிய கலாத்தியருக்கும் ரோமருக்கும் எழுதும்போது பவுல் 'அப்பா' என்ற அந்த அந்நியச் சொல்லை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்? 'பதேர்' மட்டுமே போதுமே!

ஏட்டுச்சுவடி:
'ஆமென்' எப்படி மொழிபெயர்க்கப்படாமலே சபைகளில் நிலைத்ததோ, அப்படித்தான் இதுவும். இயேசு ஜெபித்த சொல் என்பதால் அதை விட அவர்களுக்கு மனம் வரவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

நெய்தல்:
இதில் தமிழ் வாசகருக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. கிரேக்க வாசகர் அந்தச் சொல்லைக் கண்டதும் அது வேற்றுமொழி என்று உணர்ந்தார். நமக்கோ அது வீட்டுச் சொல்லாகவே ஒலிக்கிறது. அரமேயத்துக்கும் தமிழுக்கும் உள்ள இந்த ஒலி ஒற்றுமை தற்செயலானது. ஆயினும் பொருளில் தமிழ் நம்மை ஏமாற்றவில்லை. என் தந்தை 81 வயதில் படுக்கையில் கிடந்தபோது, 55 வயதான என் அண்ணன் அவர் காதருகே குனிந்து "அப்பா" என்றுதான் கூப்பிட்டார். அது மழலையும் அல்ல, மரியாதைக் குறைவும் அல்ல.

திண்ணை வாசகர்:
மழலை என்றதைத் திரும்பப் பெறுகிறேன்; நெருக்கம் என்றதை அல்ல. உங்கள் அண்ணன் அந்த நேரத்தில் 'பிதாவே' என்று கூப்பிட்டிருக்க மாட்டார் அல்லவா?