மறுமொழி: எட்ஜ் கம்ப்யூட்டிங்குக்குத் தமிழில் என்ன? ‘களக்கணிமை’ என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். தரவைத் தொலைவிலிருக்கும் தரவு மையத்துக்கு அனுப்பாமல், அது பிறக்கும் இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ வைத்தே கணித்து முடிப்பதுதான் எட்ஜ் கம்ப்யூட்டிங். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி. விளிம்புக்கணிமை, ஓரக்கணிமை, முனைக்கணிமை, அருகமைக்கணிமை, கடைமடைக்கணிமை என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. என் பங்குக்கு ஆறாவதாக ஒன்றை வைக்கிறேன்: களக்கணிமை. இந்தச் சொல்லுக்கு நான் எப்படி வந்தேன் என்பதற்கு ஒரு ஸ்டிக்கர்தான் காரணம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திருப்பூரில் பின்னலாடை யூனிட்டுகளுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். போன வருடம் ஒரு நிட்டிங் யூனிட்டில் பன்னிரண்டு மிஷின்களுக்குக் கேமரா மாட்டினோம். துணி இறங்கும்போதே கேமரா பார்க்கும். நீடில் லைன் (ஊசிப் பழுதால் துணியில் விழும் கோடு), ஓட்டை, லைக்ரா கட் (இழுவை நூல் அறுந்த இடம்) என்று எது தெரிந்தாலும் மிஷின் நின்றுவிட வேண்டும். படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பெட்டி டிபன் பாக்ஸ் அளவுதான். ஷெட்டுக்கு நடுவில் இருக்கும் தூணில் மாட்டியிருக்கிறது. எந்தக் கருவியை மாட்டினாலும் தமிழில் பெயர் ஒட்டுவது என் வழக்கம். அதில் ‘விளிம்புக்கணினி’ என்று ஒட்டினேன்.

அங்கே இருபது வருடமாக மிஷின் ஓட்டும் அண்ணன் ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இது ஷெட்டுக்கு நடுவுல இருக்கு. விளிம்புன்னு போட்டிருக்கீங்களே, எதோட விளிம்பு?”

“நெட்வொர்க்கோட விளிம்புண்ணே.”

“நெட்வொர்க்குக்கு நடு எது?”

“சர்வர் மும்பையில இருக்கு.”

“அப்ப மும்பையில இருக்கவங்களுக்குத்தான் இது விளிம்பு.”

எனக்குப் பதில் வரவில்லை. அன்று முழுக்க அதே யோசனைதான். அவர் சொன்னது சரி. ‘எட்ஜ்’ என்பது வலையமைப்புப் படம் வரைபவர் கண்ணில் விழுவது. பெரிய தரவு மையத்தை நடுவில் வரைந்து, அதிலிருந்து கோடுகளை இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் வருவது விளிம்பு. ஆனால் துணி பின்னப்படுவது, தவறு நடப்பது, அதைக் கண்டுபிடித்து நிறுத்துவது எல்லாம் அந்த ஷெட்டில்தான். வேலை நடக்கும் இடத்தை வேலை செய்பவரிடமே விளிம்பு என்று சொன்னால் அந்தச் சொல் ஒட்டாது. அதிலும் தமிழில் விளிம்பு என்றதும் ‘விளிம்புநிலை’தான் நினைவுக்கு வருகிறது. ஒதுக்கப்பட்ட இடம் என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

> விளிம்பு என்பது நேரான மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தோடு ஒத்துப்போனால் மாணவர்களுக்குக் குழப்பம் வராது.

ஐயா, மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர் நீங்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆங்கிலத்திலேயே இதன் பெயர் ஒரு நிலையில் நிற்கவில்லை. 1998-ல் தொடங்கிய அகமாய் நிறுவனம் இணையப் பக்கங்களின் படிகளைப் பயனருக்குப் பக்கத்திலிருக்கும் வழங்கிகளில் (சர்வர்களில்) வைத்தது. இந்தக் கதையின் தொடக்கம் அதுதான். 2009-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மகாதேவ் சத்தியநாராயணனும் உடன் ஆய்வு செய்தவர்களும் எழுதிய கட்டுரையில், பயனருக்குப் பக்கத்தில் வைக்கும் சிறு வழங்கிக்கு ‘கிளவுட்லெட்’ என்று பெயர் வைத்தார்கள். இணையம் வழியாகப் பயன்படுத்தும் தொலைதூரச் சர்வர்கள் ‘கிளவுட்’, அதாவது மேகம் என்றால், இது குட்டி மேகம். (சத்தியநாராயணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதை இந்த இடத்தில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.) 2012 வாக்கில் சிஸ்கோவைச் சேர்ந்தவர்கள் ‘ஃபாக்’ என்றார்கள். மேகம் தரைக்கு இறங்கி வந்தால் மூடுபனி, அதுதான் அவர்கள் கணக்கு. 2014-ல் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சி, ‘மொபைல் எட்ஜ்’ என்ற பெயரில் ஒரு குழு அமைத்தது. செல்பேசியோடு மட்டும் நிற்காது என்று தெரிந்ததும், சில ஆண்டுகளில் சுருக்கப்பெயரின் எம் என்ற எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘மல்ட்டி ஆக்சஸ்’ என்று மாற்றிக்கொண்டது.

ஆக, ஒவ்வொரு கூட்டமும் தான் நின்ற இடத்திலிருந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. நாமும் நம் இடத்தில் நின்று பார்த்து வைக்கலாம்.

> தாமதத்தைக் குறைப்பதுதான் இதன் உயிர். ஆகவே ‘அண்மை’, ‘அருகமை’ என்ற பொருள் சொல்லில் வந்தே ஆக வேண்டும்.

அக்கா, ‘அருகமை’ நல்ல சொல். அருகமைப் பள்ளி என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனால் தாமதம்தான் உயிர் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். சில தொழில்களில் அது சரிதான். தண்ணீர் பாட்டில் நிரப்பும் லைன் நிமிடத்துக்கு 600 பாட்டில் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு பாட்டிலுக்குக் கிடைப்பது 100 மில்லிநொடி. அதற்குள் மூடி கோணலா என்று பார்த்து, காற்றால் தட்டி வெளியே தள்ள வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப, நடுவில் எந்தத் தடையும் இல்லாவிட்டாலும், 10 மில்லிநொடி ஆகிவிடும். நிஜத்தில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். ஒரு முறை 30 என்றும் அடுத்த முறை 90 என்றும் ஏறி இறங்கினால் அந்த லைனை ஓட்டவே முடியாது.

நிட்டிங்கில் கதை வேறு. துணி நிமிடத்துக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இறங்குகிறது. முடிவு இரண்டு நொடி தாமதமாக வந்தாலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் கெடும். அப்புறம் ஏன் பெட்டியை ஷெட்டுக்குள்ளேயே வைத்தோம்?

முதலில் நாங்கள் அப்படி வைக்கவில்லை. கேமராப் படம் முழுவதும் இணையம் வழியாக வெளியூர் சர்வருக்குத்தான் போனது. ஒரு நாள் மதியம் தெருவில் சாக்கடைக்குத் தோண்டியபோது ஃபைபர் அறுந்தது. மூன்று மணி நேரம் இணைப்பு இல்லை. கேமரா பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஆபரேட்டர்கள் டார்ச் அடித்துப் பார்க்கும் பழக்கத்தை அதற்குள் விட்டிருந்தார்கள். இரண்டு மிஷினில் ஊசி உடைந்து ரோல் முழுக்க நீடில் லைன் ஓடியிருக்கிறது. சாயம் போடாத கோரா துணியில் அது லேசாகத்தான் தெரியும். சாயம் போட்டு வந்த பிறகு, செக்கிங் மேஜையில் விளக்குப் போட்டதும் பளிச்சென்று மேலிருந்து கீழாக ஒரு கோடு. அப்படி மூன்று ரோல்கள் செகண்ட்ஸுக்கு (இரண்டாம் தரச் சரக்குக்கு) போயின. நூல் காசோடு சாயக் காசும் சேர்ந்து போனது. முதலாளி என்னைத் திட்டவில்லை. துணியை என் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். இப்போதும் அந்தக் கோடு என் விரலில் இருக்கிறது.

இணையத்தில் போகும் தரவின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜி.பி. பன்னிரண்டு கேமராவுக்கு அரை டெராபைட்டைத் தாண்டும். அதில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் ஒரு குறையும் இல்லாத துணியின் படம். ஒன்றுமில்லாததை ஊர் தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது பெட்டி இங்கேயே பார்த்துவிட்டுக் குறை தெரிந்த படத்தை மட்டும் நேரம், மிஷின் எண்ணோடு மேலே அனுப்புகிறது. இணைப்பு போனால் சேர்த்து வைத்துக்கொண்டு, வந்ததும் அனுப்பும். மிஷின் நிற்பதும் ஓடுவதும் இணையத்தை நம்பி இல்லை.

இங்கேதான் எனக்குக் களம் நினைவுக்கு வந்தது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டுக் களத்தில் நடந்ததும் இதே வேலைதான். அறுத்த கதிரை யாரும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வயலை ஒட்டிய களத்துமேட்டில் அடித்து, காற்று வரும் பக்கம் பார்த்துத் தூற்றி, பதரைப் பிரித்து, வைக்கோலை அங்கேயே போர் போட்டுவிட்டு, நெல்லை மட்டும் மூட்டை கட்டுவார்கள். வண்டியேறிப் போவது மூட்டை மட்டும். எவ்வளவு கண்டது என்ற கணக்குக்கூடக் களத்திலேயே முடிந்துவிடும்.

போய்ச் சேரும் இடம் களஞ்சியம். கலைக்களஞ்சியம் நமக்குப் பழகிய சொல். கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் நிரல் சேர்த்து வைக்கும் இடத்தையும் ‘களஞ்சியம்’ என்றுதான் எழுதுகிறார்கள். களத்தில் தூற்றியது களஞ்சியத்துக்குப் போகிறது. இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை.

நெல்லை விட்டுவிட்டாலும் சொல் நிற்கும். களப்பணி, கள ஆய்வு, களநிலவரம் என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம். காரியம் நடக்கும் இடத்திலேயே என்ற பொருள் எல்லாருக்கும் தெரியும்.

> டேட்டாபேஸில் வரும் ஃபீல்டுக்கும் களம்தானே? மோதாதா?

மோதாது. அதற்குப் ‘புலம்’ இருக்கிறது, நன்றாகவே நிலைத்திருக்கிறது. அதைப் புலமாகவே வைத்துக்கொண்டால் போதும். தொழிற்சாலைத் தானியக்கத்தில் ஃபீல்ட் டிவைஸ் (மிஷின் பக்கத்தில் மாட்டும் கருவி), ஃபீல்ட்பஸ் (அந்தக் கருவிகளை இணைக்கும் வலை) என்று சொல்வது மிஷின் நிற்கும் இடத்தைத்தான். எஃப்.பி.ஜி.ஏ. (ஃபீல்ட் புரோகிராமபிள் கேட் அரே) சில்லில் வரும் ஃபீல்டும் தொழிற்கூடத்தில் முடிந்துவிடாமல் பயன்படுத்தும் இடத்தில் நிரல் ஏற்றலாம் என்பதைத்தான் சொல்கிறது. அங்கெல்லாம் களம் கச்சிதமாகப் பொருந்தும்.

கடைமடை பற்றி: டெல்டாக்காரன் என்பதால் இந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் இதில் திசை தலைகீழ். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் தண்ணீர் தலைமடையிலிருந்து இறங்கி இறங்கிக் கடைசியாகக் கடைமடைக்கு வரும். வராத வருடமும் உண்டு. மேலிருந்து வருவதற்குக் காத்திருக்கும் இடம் அது. நாம் பேசும் நுட்பமோ மேலே யாருக்கும் காத்திருக்காமல் இருப்பதற்காக வந்தது. தரவு ஊற்றெடுப்பதும் இங்கேதான். ஆகவே வேண்டாம்.

முனை எனக்குச் சரியாக வரவில்லை. முனையம் ஏற்கெனவே ‘டெர்மினலு’க்குப் போய்விட்டது. ஓரம் சாலையோரத்தைத்தான் நினைவூட்டுகிறது.

களக்கணிமைக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. செல்பேசிக் கோபுரத்தின் அடியில் வைக்கும் வழங்கியைக் களம் என்று சொல்ல முடியுமா? அங்கே எந்த வேலையும் நடக்கவில்லை. பயனருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு அக்கா சொன்ன அருகமைதான் சரி. அருகமை வழங்கி என்று எழுதலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் மூடிவைத்த இரண்டு பொருளைத் தமிழில் இரண்டாகச் சொல்வதில் தவறில்லை. மொபைல் நிறுவனம் தருவது அருகமை, ஷெட்டில் நாமே வைப்பது களம். வாங்குபவருக்கும் எது எது என்று தெளிவாகத் தெரியும்.

சொற்குடும்பம் இப்படி வரும்: களக்கணினி, களக்கருவி, கள வழங்கி, கள வாயில் (கேட்வே). ஓட்டிப் பார்த்த வாக்கியங்கள்: “தரச்சோதனை முழுவதும் களக்கணிமையில் ஓடுகிறது, அறிக்கை மட்டும் மேகத்துக்குப் போகும்.” “இந்த மாடலை மேகத்தில் பயிற்றிக் களத்தில் இறக்கினோம்.” இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கு நாக்கு எங்கும் இடறவில்லை. இலங்கை நண்பர்கள் மேகத்தை முகில் என்று மாற்றிக்கொண்டாலும் களம் அப்படியே இருக்கும்.

> இதெல்லாம் சரி, உற்பத்தி கூடியதா? தொழில் நடத்துபவர்களுக்கு அதுதானே கேள்வி?

கூடியது, ஆனால் விற்பவர்கள் சொல்லும் வழியில் இல்லை. மிஷின் வேகம் அதேதான். ஆபரேட்டர் குனிந்து டார்ச் அடிக்கும் நேரம் மிச்சமானது. நின்ற மிஷினுக்கு நேராகப் போய் ஊசி மாற்றுகிறார். குறை சாயத்துக்குப் போகும் முன்பே பிடிபடுகிறது. லாபம் பெரும்பாலும் அதில்தான்.

புது வேலைகளும் வந்தன. ஷெட்டில் பஞ்சுத்தூசி எங்கும் பறக்கும். முதல் பெட்டியின் மின்விசிறி ஒரே மாதத்தில் பஞ்சு அடைத்து நின்றுவிட்டது. பிறகு விசிறி இல்லாத பெட்டியாக மாற்றினோம். கேமராக் கண்ணாடியை ஷிஃப்டுக்கு ஒருமுறை யாராவது துடைக்க வேண்டும். மேகத்தில் ஒரே இடத்தில் செய்யும் மென்பொருள் புதுப்பிப்பை இங்கே ஒவ்வொரு யூனிட்டிலும் பெட்டி பெட்டியாகச் செய்ய வேண்டும். கணக்கு, பில், சம்பளம் மட்டும் கணினியில் பார்க்கும் யூனிட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. மேகமே போதும் என்று சொல்லி நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்த அண்ணன் இன்னொன்றும் கேட்டார், அதையும் இங்கே பதிய வேண்டும். “கேமரா துணியப் பாக்குதா, எங்களப் பாக்குதா?” குறை தெரிந்த துணியின் படத்தைத் தவிர வேறெந்தப் படமும் ஷெட்டை விட்டு வெளியே போவதில்லை, துணி மட்டும் தெரிகிற மாதிரித்தான் கோணம் வைத்திருக்கிறோம் என்று திரையிலேயே காட்டினேன். பார்த்தபிறகுதான் தலையசைத்தார். கோணத்தைத் திருப்பினால் அதே பெட்டி ஆளையும் எண்ணும், கழிப்பறைக்குப் போன நேரத்தையும் எண்ணும். இதைக் கேட்டு வரும் முதலாளிகளும் இருக்கிறார்கள். நான் செய்து தருவதில்லை. களத்திலேயே எல்லாம் நடக்கிறது என்றால், அங்கே நிற்பவருக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் படித்ததும் புரியும் பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதும் இதனால்தான்.

புதன்கிழமை அந்த யூனிட்டுக்குப் போகிறேன். ‘களக்கணினி’ என்று புது ஸ்டிக்கர் அடித்து வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். அண்ணன் படித்துவிட்டு என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன். ‘கிளவுட்லெட்’டுக்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அதையும் இதே இழையில் போடுங்கள். குறுமுகில் என்று ஒன்று என் மனதில் ஓடுகிறது, இன்னும் முடிவாகவில்லை.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து