கண்டி–நுவரெலியா வீதிக்கு எந்த மோட்டார் சைக்கிள் ஜக்கெட் பொருந்தும்?

கேள்வி: தலவாக்கலைவாசி

வணக்கம். நான் வேலைக்காக நாள்தோறும் தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கும், மாதத்தில் இரண்டு தடவை ரம்பொடை வழியாகக் கண்டிக்கும் 150 சிசி மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். இதுவரை ஒரு கம்பளிச் சுவெட்டரையும் அதன்மேல் மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு சமாளித்தேன். சென்ற மாதம் நானுஓயாவுக்கு அருகில், ஈரமான வளைவொன்றில் சறுக்கி விழுந்தேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முழங்கைப் புண்ணில் ஒட்டியிருந்த சுவெட்டர் நூல்களைத் தாதி ஒருவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தபோது, ஒரு நல்ல ஜக்கெட் வாங்கியே தீருவதென்று முடிவு செய்துவிட்டேன்.

கடையில் இரண்டு வகை பார்த்தேன். ஒன்று தடித்த துணியில் தைத்து, உள்ளே கழற்றக்கூடிய நீர்புகா உள்ளுறை வைத்தது, மற்றது வலைத்துணி. உள்ளே சுவெட்டர் போட வேண்டியிருப்பதால் ஓர் அளவு பெரிதாக எடுக்கும்படி கடைக்காரர் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஹட்டன் ஓட்டுநர்

வீதியில் உராயும்போது தோல் ஜக்கெட்டைப் போலத் தாங்குவது வேறில்லை. 1.2 மில்லிமீற்றருக்குக் குறையாத மாட்டுத் தோலாகப் பார்த்து எடுங்கள், காலத்துக்கும் கிடக்கும்.

மறுமொழி: நுவரெலியா மூடுபனி

உராய்வைப் பற்றி ஹட்டன் நண்பர் சொல்வது சரிதான். ஆனால் தென்மேல் பருவமழைக் காலத்தில் தோல் ஜக்கெட் ஒரு தடவை ஊறினால் நம் ஊரில் அது உலர்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். என்னுடையது அலுமாரிக்குள் தொங்கியபடியே பச்சை பூத்தது. ஆகவே தம்பி, துணி ஜக்கெட்டையே பாருங்கள்.

கடைக்காரர் சொன்ன அளவை மட்டும் ஏற்காதீர்கள். ஜக்கெட்டின் தோளிலும் முழங்கையிலும் இருக்கும் காப்புத் துண்டுகள் விழும் கணத்தில் அந்தந்த மூட்டின்மேல் இருந்தால்தான் பயன். தளர்ந்த கைக்குள் அவை சுழன்று பக்கவாட்டுக்குப் போய்விடும். கடை வாசலில் உங்கள் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடித்தபடி, இன்னொருவரிடம் முழங்கைத் துண்டைத் துணியோடு சேர்த்துப் பிடித்துத் திருகச் சொல்லுங்கள். மூட்டை விட்டு நகர்ந்தால் அந்த அளவு உங்களுக்கானதல்ல. கையை நீட்டும்போது மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. முன்னால் குனியும்போது இடுப்பும் தெரியக் கூடாது. தடித்த கம்பளிக்குப் பதிலாக உடலோடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை ஒன்றை அணிந்தால் பெரிய அளவே தேவைப்படாது.

அடுத்து, உள்ளே தைத்திருக்கும் அடையாளத் துண்டைப் படியுங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 17092 ஆடையை ஏஏஏ, ஏஏ, ஏ என்று தரம் பிரிக்கிறது; ஏஏஏ மிக உயர்ந்தது. நம் வேகத்துக்கு ஏஏ கிடைத்தால் நல்லது. காப்புத் துண்டுகளுக்கு ஈஎன் 1621-1 என்ற தரம் உண்டு. 50 ஜூல் அடி விழும்போது, 1ஆம் நிலைத் துண்டு தனக்கு அப்பால் கடத்தும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் போகக் கூடாது. 2ஆம் நிலைக்கு அது 20, அதாவது 2ஆம் நிலையே கூடுதலாகக் காக்கும். ஜக்கெட்டின் முதுகுப்புறத்து உட்பையில் இருப்பதையும் வெளியே எடுத்துப் பாருங்கள். பல ஜக்கெட்டுகளில் அங்கே வெறும் பஞ்சுத் தகடுதான் இருக்கும். ஈஎன் 1621-2 என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே அது முதுகுக் காப்பு.

நீர்புகா உள்ளுறையை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். உள்ளுறை மழையை உடலில் படவிடாது, உண்மை. ஆனால் வெளித்துணி முழுவதும் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். ஓடும் காற்றில் அந்த ஈரம் ஆவியாகும்போது உடலின் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டே போகும். இரவு முழுவதும் அடுப்பங்கரையில் தொங்கவிட்டும், காலையில் கைமடிப்பைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அதனால் ஜக்கெட்டுக்கு மேலே போடக்கூடிய அகலமான மழைக்கோட்டைப் பெட்டியில் வைத்திருங்கள். தூறல் விழுந்தவுடனேயே நிறுத்திப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் கீழ்விளிம்பு சங்கிலிப் பக்கம் பறக்காதபடி கட்டுவது முக்கியம்.

கண்டி சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். ஆயிரம் மீற்றருக்கு ஆறேழு பாகை என்ற கணக்கில் பார்த்தால், ஒரே பயணத்தில் ஏறத்தாழ ஒன்பது பாகை செல்சியஸ் குறைகிறது. ஆகவே மார்பிலும் கையிலும் சிப் வைத்துத் திறந்து மூடும் காற்றுவழிகள் உள்ள ஜக்கெட்டாக எடுங்கள்.

மறுமொழி: பண்டாரவளை வெயில்

வலைத்துணியை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. எங்கள் ஊவாப் பக்கத்தில் ஆடி, ஆவணியில் மழை குறைவு, காற்றுத்தான் அதிகம். நான் வலைத்துணி ஜக்கெட்டுக்கு மேல் காற்றுப் புகாத மெல்லிய மேலுறை ஒன்றை அணிகிறேன். ஆனால் தலவாக்கலைக்கு, மேலே நண்பர் சொன்னதே சரி. நிறத்தையும் கவனியுங்கள்: மூடுபனிக்குள் கறுப்பு கரைந்துவிடும். முதுகில் ஒளிப்பட்டி இருந்தாலும், பையைச் சுமந்தால் அது மறைந்துவிடும். பையிலும் ஒரு பட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்.

மறுமொழி: தலவாக்கலைவாசி

மூவருக்கும் நன்றி. இன்று மறுபடியும் கடைக்குப் போய் வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய அளவில் முழங்கைத் துண்டு கையின் உட்புறத்துக்கே சுழன்று வந்தது. என் அளவில் அசையவில்லை. முதுகுப்புறத்து உட்பையிலிருந்து வந்தது, அண்ணா சொன்னபடியே பஞ்சுத் தகடுதான். சாம்பல் நிறத்தில் ஏஏ அடையாளமுள்ள துணி ஜக்கெட்டுக்கு முற்பணம் கொடுத்துவிட்டேன். முதுகுக் காப்பைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.