மாதிரித் தோணிக்குச் சாயம் ஏற்றுவது: முதலில் சீலரா, முதலில் சாயமா?

மரக்கலம் (கோத்தகிரி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடித் தோணி ஒன்றின் மாதிரியை 1:48 அளவில் கட்டிவருகிறேன். ஏராவும் (அடிமரம்) வங்குகளும் (விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்கள்) எழுந்து நின்றுவிட்டன. அடுத்தது மேல் பலகை ஒட்டும் வேலை. பெயின்ட் பூசி மரத்தை மறைக்க விருப்பமில்லை. மரம் மரமாகவே தெரிந்து, முழுக் கப்பலும் தேக்கின் பழுப்பில் ஒரே நிறமாக அமைய வேண்டும் என்று எண்ணுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், என்னிடம் இருப்பவை இரண்டு வகை மரங்கள். நடுப்பகுதிக்கு, தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்து வெட்டிய சில்வர் ஓக்கை 1 மில்லிமீட்டர் தடிப்பில் பட்டைகளாக அறுத்து வைத்திருக்கிறேன். முன்னணியத்தின் (கப்பலின் முன்முனை) கூர்மையான வளைவில் அது பிளந்துவிடும் என்பதால், அந்த இடத்துக்குக் கடையில் வாங்கிய பாஸ்வுட். கடையில் கிடைத்த தேக்கு நிற ஸ்டெயினை (மரச்சாயம்) இரண்டின் துண்டுகளிலும் தடவிப் பார்த்தபோது, பாஸ்வுட் திட்டுத் திட்டாகக் கறுத்தது. சில்வர் ஓக்கில் பளபளப்பான புள்ளிகள் நிறம் பிடிக்காமல் நின்றன. ஃபெவிகால் கசிந்த இடங்கள் இரண்டிலும் வெளுத்தே இருந்தன. அதன் மேல் மாலையில் பிரெஞ்ச் பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) ஏற்றினால் பால் ஊற்றியதுபோல் வெண்மை படர்கிறது.

கப்பலின் உடலில் கைவைப்பதற்கு முன் தெளிவுபெற விரும்புகிறேன். சீலரை (மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) முதலில் பூச வேண்டுமா, சாயத்தையா? வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இங்கே வாரக்கணக்கில் ஈரம் காயாது. மழைக்காலம் முடியும்வரை இந்த வேலையை நிறுத்தி வைப்பதுதான் வழியா?

மெருகுக்காரன் (குன்னூர்) எழுதியது:

நண்பரே, நான் பிழைப்புக்காக மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுபவன். கப்பல் கட்டுவது மாலை நேரத்து விருப்பம். எனவே மரச்சாமான் வேலையில் சரியாக இருந்து, மாதிரிக் கப்பலில் தவறாகப் போகும் சிலவற்றைச் சேர்த்தே சொல்கிறேன்.

திட்டு விழுவதற்குக் காரணம் சாயத்தின் தரமன்று. பாஸ்வுட் மென்மையானது, அதன் நார்கள் எங்கெல்லாம் சற்றே மேல்நோக்கித் திரும்பியிருக்கின்றனவோ அங்கெல்லாம் வெட்டுமுனைபோல் நடந்துகொண்டு சாயத்தை ஆழமாக உறிஞ்சுகிறது. சாயத்துக்கு முன்பாக மிக நீர்த்த அரக்குக் கரைசல் ஒன்றை ஒரே ஒரு முறை பூசிவிட்டால் அந்தத் தாகம் பாதி தணியும். 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 6 கிராம் அவலரக்கு (அவல்போல் செதில்களாக விற்கும் அரக்கு) என்ற அளவு போதுமானது. வழக்கமான பாலிஷ் கரைசலைப் பூசினால் மரம் முற்றிலும் மூடிக்கொண்டு, பிறகு சாயம் மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும். காய்ந்தபின் 320ஆம் எண் உப்புத்தாளால் (எண் கூடக்கூடத் தாள் நயமாகும்) ஒரு முறை மட்டும் மெல்லத் தடவுங்கள். உப்புத்தாளைப் பற்றியும் ஒன்று: 180 வரை தேய்த்த மரம் 400 வரை தேய்த்த மரத்தைவிட அதிக நிறம் வாங்கும். ஆகையால் சோதனைத் துண்டையும் கப்பலையும் ஒரே எண்ணில் முடிக்காவிட்டால், அந்தச் சோதனையால் பயனில்லை.

சில்வர் ஓக்கில் நீங்கள் கண்ட பளபளப்பான புள்ளிகள், மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் கதிர்த் திசுக்கள். அறைக்கதவில் அவை அழகு. 1:48 அளவிலோ, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புள்ளி, நிஜத் தோணியில் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள தழும்பாகிவிடும். எந்தச் சாயமும் அதை மறைக்காது. அறுக்கும் கோணத்தில்தான் அதைக் குறைக்க முடியும். வளர்ச்சி வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்த முகத்தில் அவை அகன்ற திட்டுகளாக இல்லாமல் குறுகிய கோடுகளாகத் தெரியும். உங்கள் பட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்து, அந்த முகம் உள்ளவற்றை வெளியே தெரியும் வரிசைகளுக்கும், மற்றவற்றை நீர்மட்டத்துக்குக் கீழேயும் ஒதுக்கிவிடலாம்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். சீலரா சாயமா என்று கேட்பதைவிட, நிறம் மரத்துக்குள் போக வேண்டுமா, மேற்பூச்சுக்குள் இருக்க வேண்டுமா என்று கேட்பதே மாதிரிக் கப்பலுக்குப் பொருந்தும். கடையில் விற்கும் எண்ணெய் ஸ்டெயின்களில் பெரும்பாலானவற்றில் நிறமிப் பொடி இருக்கிறது. அது மரத்தின் துளைகளில் போய்த் தங்கி அவற்றை எடுத்துக்காட்டுகிறது. பெரிய மேசையில் அதுதான் தேவை. சிறிய கப்பலில் துளை ஒவ்வொன்றும் பலகையின் வெடிப்பைப்போல் தெரியும். இரண்டு மரங்களை ஒரே நிறமாக்க நினைக்கும் உங்களுக்கு, ஸ்பிரிட்டில் கரையும் சாயப்பொடியை அரக்குக் கரைசலிலேயே ஓரிரு சிட்டிகை கலந்து, மிக மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவதுதான் நல்லது. ஒவ்வொரு பூச்சிலும் நிறம் சற்றே கூடும்; போதுமென்று தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, மேலே நிறமில்லாத பூச்சை ஏற்றலாம். வெளிறிய பாஸ்வுட் பகுதிக்கு மட்டும் தொடக்கத்தில் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுத்தால் சில்வர் ஓக்கின் நிறத்தை எட்டிவிடும். தூரிகையை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். ஸ்பிரிட் அடிப்பூச்சைக் கரைத்துக் கோடு போட்டுவிடும். அதே காரணத்தால், அரக்கு அடிப்பூச்சின் மேல் தனியாக ஸ்பிரிட் சாயத்தைத் தடவுவதும் கூடாது. அங்கே தண்ணீர்ச் சாயமோ எண்ணெய்ச் சாயமோதான் ஒத்துப்போகும்.

ஃபெவிகால் விழுந்த இடத்தில் மரத்தின் வாய் அடைபட்டிருக்கும். ஈரமாக இருக்கும்போதே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்துவிட்டால் பிளேடால் சுரண்டுவதே வழி. பட்டைகளை ஒட்டுமுன்பே நிறமேற்றிவிடுவதாக இருந்தால், வெளிமுகத்தில் மட்டும் பூசி விளிம்புகளை வெறும் மரமாக விடுங்கள். பாலிஷ் படிந்த விளிம்பில் பசை பிடிக்காது.

வெண்மை படர்வதற்கு நம் ஊர்க் காற்றே காரணம். ஸ்பிரிட் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் படிந்துவிடுகிறது. இதற்காக ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. 15 பாகையில் 90 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 25 பாகைக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். சிறிய அறையைச் சாத்தி, மின்கணப்பை முன்கூட்டியே ஓடவிட்டு, அறையும் மரமும் சூடேறியபின் கணப்பை அணைத்துவிட்டுப் பூசுங்கள். ஸ்பிரிட் ஆவி இருக்கும் இடத்தில் கணப்பு எரியக்கூடாது. இதில் கவனம் தேவை. பகல் 11 மணிக்கு மேல் 3 மணிக்குள் செய்தால் பாதி வேலையை வெயிலே செய்து தரும். ஏற்கெனவே வெளுத்துவிட்ட பூச்சின் மேல், வறண்ட நாளில் ஸ்பிரிட் தோய்த்துப் பிழிந்த துணியை ஒரே வீச்சில் இழுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஸ்பிரிட்டுக்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். மீதி 30 விழுக்காடு தண்ணீர்.

சாளரம் (கொடைக்கானல்) எழுதியது:

மெருகுக்கார அண்ணன் சொன்ன முறையில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் சாயமே ஏற்றாமல், வேண்டிய நிறத்தில் பிறந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பதே மாதிரிக் கப்பலுக்கு நேர்மையான வழி என்று கருதுபவன் நான். இங்கே பழனி மலையிலும் சாளரத்தில் எந்நேரமும் வெயில் விழுகிறது. உயரம் கூடக்கூட வெயிலில் புறஊதாக் கதிர் மிகுதி. ஸ்பிரிட் சாயங்கள் பல அந்த வெளிச்சத்தில் சில ஆண்டுகளிலேயே வெளிறிப் போகும், அதுவும் வெயில் படும் பக்கம் மட்டும்.

தேக்கு நிறம் வேண்டும் என்பதற்காகத் தேக்கையே அறுத்துவிடாதீர்கள். தேக்கின் பெரிய துளைகள் 0.3 மில்லிமீட்டர் வரை இருக்கும்; 48 மடங்கில் அது 14 மில்லிமீட்டர் ஓட்டை. 1817ஆம் ஆண்டு பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டி வெள்ளோட்டம் விடப்பட்ட டிரிங்கோமலீ போர்க்கப்பலுக்கு மாதிரி செய்தாலும், நான் அதில் தேக்கைத் தொடமாட்டேன். நெருங்கிய, ஒரே சீரான நாருள்ள மரமே வேண்டும். மஞ்சக்கடம்பு அப்படிப்பட்டது, மேலைநாட்டார் பாக்ஸ்வுட் என்னும் வேறொரு மரத்தைத் தேடும் இடத்தில் நாம் தாராளமாக அதைப் பயன்படுத்தலாம். சன்னபட்டணப் பொம்மைகளுக்குக் கடையும் வெட்பாலையும் அப்படித்தான். தந்தத்தின் வெண்மை உள்ள அது, சாயம் ஏற்றித்தான் தீர வேண்டும் என்றால் திட்டு விழாமல் ஏற்கும். பலா, தொடக்கத்தில் மஞ்சளாக இருந்து வெளிச்சம் படப்படத் தானாகவே பழுப்புக்கு வரும். பழைய பலாச் சட்டம் ஏதேனும் மரவாடியில் கிடைத்தால் தோணிக்கு அதைவிடப் பொருத்தமான நிறத்தை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

மரக்கலம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பலா யோசனை மனத்தை இழுக்கிறது என்றாலும், அறுத்து அடுக்கிய சில்வர் ஓக்கை வீணாக்க மனம் வரவில்லை. நிறத்தைப் பூச்சிலேயே கலக்கும் முறையில் போகிறேன். கணப்பை வைத்து ஓர் அறையை ஒதுக்கவும் வீட்டில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. மேலும் இரண்டு ஐயங்கள். பக்கவாட்டில் ஓடும் தடித்த உராய்வுச் சட்டங்களை மட்டும் கறுப்பாக்க வேண்டும். கறுப்பு பெயின்ட் தடவினால் நெகிழிபோல் தெரிகிறது. மேல்தளப் பலகைகளின் இடையே கலப்பற்றுக் கோடுகளுக்கு (நீர் புகாமல் பலகை இடுக்கை அடைத்த கறுப்புக் கோடுகள்) மார்க்கர் பேனா போதுமா?

தேயிலைத்தூள் (உதகை) எழுதியது:

கறுப்புக்கு விடை உங்கள் சமையலறையில் இருக்கிறது, ஐயா. மலிவான டஸ்ட் தேயிலையைத் தாராளமாகப் போட்டு, கறுக்கக் கறுக்கக் கொதிக்கவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். வேறொரு கண்ணாடிப் புட்டியில் வெள்ளை வினிகரை ஊற்றி, சோப்பு போட்டு எண்ணெய் நீக்கிய இரும்புக் கம்பளியைப் பிய்த்துப் போட்டு ஒரு வாரம் வையுங்கள். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் மூடியை இறுக்க வேண்டாம். பிறகு வடிகட்டினால் கிடைப்பது இரும்பு அசிட்டேட் கரைசல்.

சட்டத்தில் முதலில் தேநீரைத் தடவிக் காயவிட்டு, அதன் மேல் இரும்புக் கரைசலைத் தடவினால், தேயிலையின் டானினும் (துவர்ப்புப் பொருள்) இரும்பும் சேர்ந்து சில நிமிடங்களில் மரத்தை உள்ளேயே கறுப்பாக்கிவிடும். பாஸ்வுட்டில் இயற்கையான டானின் மிகக் குறைவு என்பதால் தேநீர்ப் பூச்சைத் தவிர்த்தால் வெறும் சாம்பல் நிறம்தான் வரும். நிறம் போதவில்லை என்றால் கடுக்காய்த் தூளை ஊறவைத்த தண்ணீர் தேநீரைவிட வலிமையானது. நம் மலையில் பட்டைக்காக நட்டு வளர்த்த சீகை (வாட்டில்) மரத்திலும் டானின் ஏராளம், ஆனால் இந்தச் சிறு வேலைக்கு அவ்வளவு பாடு தேவையில்லை.

இரண்டுமே தண்ணீர்க் கரைசல்கள் ஆகையால் நார் எழும்பும். சட்டத்தை முன்னதாகவே வெறும் தண்ணீரால் நனைத்து, உலர்த்தி, 320 உப்புத்தாள் போட்டுவிடுங்கள். அரக்குப் பட்ட மரத்தில் இது வேலை செய்யாது. எனவே சட்டங்களைத் தனியே கறுப்பாக்கி, நன்கு உலர்ந்தபின் கப்பலில் ஒட்டுவதுதான் முறை.

மெருகுக்காரன் எழுதியது:

தேயிலைத்தூள் சொன்ன கறுப்பை நானும் பரிந்துரைக்கிறேன். அதோடு ஓர் எச்சரிக்கை. பூச்சின் பளபளப்பைக் குறைக்க நாம் வழக்கமாக 0000 என்ற மிக நயமான இரும்புக் கம்பளியால் தேய்ப்போம். தேநீர் ஏறிய மரத்தின் அருகே அதைச் செய்யவே கூடாது. உதிரும் இழைகள் மூலைகளில் ஒட்டிக்கொண்டு, நம் ஊர் ஈரத்தில் ஒவ்வொன்றும் ஒரு கரும்புள்ளியாகும். சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் பட்டையைப் பயன்படுத்துங்கள். பளபளப்பைக் குறைத்தே ஆக வேண்டும். கண்ணாடிபோல் மின்னும் உடலில் அளவு கெட்டு, தோணி பொம்மையாகிவிடும்.

மார்க்கர் பேனா வேண்டாம். பெரும்பாலான நிரந்தர மார்க்கர்களின் மை ஸ்பிரிட்டில் கரையும். அரக்குப் பூச்சு பட்டவுடன் கோடு பலகைக்குள் நீலமாகப் பரவும். பலகையின் விளிம்பில் 4பி (மென்மையான, கறுப்பு மிகுந்த) பென்சிலைத் தேய்த்து ஒட்டினாலே மெல்லிய கோடு கிடைக்கும். இன்னும் அழுத்தமாக வேண்டுமானால் விளிம்புக்கு விளிம்பு கறுப்புத் தாளை ஒட்டி, காய்ந்தபின் மேல்மட்டத்தோடு சீவிவிடலாம். மேல்தளத்துக்கு உடலின் நிறத்தைக் கொடுக்காதீர்கள். வெயிலும் உப்பும் தின்ற தேக்குத்தளம் சாம்பல் பூத்து வெளிறியிருக்கும். சாயமற்ற ஒரு பூச்சே அங்கே போதும்.

மேலே பியூ (பாலியூரித்தேன் வார்னிஷ்) பூச நினைத்தால், மெழுகு நீக்கிய அரக்கைத்தான் அடியில் பயன்படுத்தியிருக்க வேண்டும், இல்லையேல் பியூ உரிந்து வரும். என் விருப்பம் அரக்கோடு நிறுத்திக்கொள்வதே. பின்னாளில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஸ்பிரிட்டால் சரிசெய்ய முடியும். உடலை மூடுமுன் பலகைகளின் உட்புறத்திலும் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். வெளிப்புறம் மட்டும் அடைபட்ட பலகை, கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்குப் போனால் ஒரு பக்கமாகச் சுருங்கி வளையும்.

கடைசியாக ஒன்று. நங்கூரம் முதலியவற்றை ஈயத்தில் வார்த்திருந்தால் இப்போதே பித்தளைக்கு மாற்றிவிடுங்கள். மரத்திலிருந்தும் வினிகர்க் கரைசலின் மிச்சத்திலிருந்தும் கசியும் அமில ஆவி, காற்றோட்டமில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். பெட்டியின் அடிப்பலகையில் நான்கு மூலைகளிலும் துளையிட்டு, பூச்சி புகாமல் வலைத்துணி ஒட்டிவிடுவது நல்லது.