வேலூருக்கு வந்த வங்காளம்: பழகியவர்கள் எழுதுங்கள்

தோட்டப்பாளையம் மருந்துக்கடை:
நம்ம ஊரை விட்டு நகராமலே வெளிநாட்டுச் செய்தி, வேற்று மொழி, சினிமா என்று நிறையக் கற்றுக்கொண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களோடு பழகியதை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் வங்காளம் பேசுகிறவர்கள் ஏராளம். கொல்கத்தா, மேதினிப்பூர், திரிபுரா, எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கதேசத்து டாக்கா, குல்னா. கிராமத்துப் பெரியவர்களிடம் இந்தியும் எடுபடாது. மாத்திரை விஷயத்தில் குத்துமதிப்பாகப் பேச முடியுமா? அதனால் நான் முதலில் கற்றது நலம் விசாரிப்பதை அல்ல. ஷொகாலே, துபுரே, ராத்தே, காபார் ஆகே, காபார் போரே. காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின். கவுண்டரில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம் எண்கள். ஒரு பாட்டி நான் சொல்லச் சொல்ல அட்டைப்பெட்டி மேல் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தார். நாலு மணி என்றேன், அவர் எழுதியது எட்டு மாதிரி இருந்தது. விரலைக் காட்டிக் கேட்டதும் நாலு விரலை நீட்டினார். வங்காள எழுத்தில் 4 நம்முடைய 8 போலவே இருக்கும், 7 ஏறக்குறைய 9 போல இருக்கும். அன்றிலிருந்து அவர்கள் எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. மருந்துக்கடையில் நிற்கிற தம்பிகள் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காந்தி ரோடு லாட்ஜ்:
அண்ணா, நான் 2024 ஜூலையைச் சொல்கிறேன். குல்னா குடும்பம் ஒன்று எங்களிடம் தங்கியிருந்தது. அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது, மகன் அங்கே கல்லூரியில் படிக்கிறான். அரசு வேலையில் விடுதலைப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கு இருந்த 30 சதவீத ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கிய நேரம். ஜூலை 18 அன்று வங்கதேசம் முழுக்க இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நின்றுபோன செய்திகளை அந்த அம்மா திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார். ரிசப்ஷன் டிவியில் தமிழ்ச் செய்திதான் ஓடும். கீழே போகிற வரியை நான் படித்து, எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொல்வேன். ஊர்ப் பெயர் வரும்போதெல்லாம் எங்கே, எங்கே என்று கேட்பார். கடைசியில் மகன் சாதாரண போன் காலில் பேசினான். லாட்ஜில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த அம்மா சந்தேஷ் என்கிற வங்காள இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா பதவி விலகி இந்தியாவுக்கு வந்தார். அதற்கப்புறம் விசா வெகுவாகக் குறைந்தது. அறைகள் காலி. மீன் சாப்பாட்டு மெஸ், ஆட்டோ, பழவண்டி என்று எல்லோர் பிழைப்பிலும் அது பட்டது. எங்கேயோ நடக்கிற சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது.

சத்துவாச்சாரி அக்கா:
எங்கள் மாடியில் மேற்கு வங்கத்து பர்தமான் பக்கத்துத் தம்பதி குடியிருந்தார்கள். கணவருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை. மதிய நேரத்தில் அந்த அம்மாவும் நானும் சேர்ந்து படம் பார்ப்போம். அப்படித்தான் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' பார்த்தேன். 1955இல் வந்த படம். வசனம் வருவதற்கு முன்பே அவர் வாய் அசையும். படத்தில் வரும் பிள்ளைகள் அபுவும் துர்காவும் ரயில் பார்க்க ஓடுகிற இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு புல் பூத்திருக்குமே, அது பூத்தால் துர்கா பூஜை வரப்போகிறது என்று அர்த்தமாம்.

வீட்டில் ஒண்டியிருக்கும் கிழவியை அந்தப் பிள்ளைகளின் அம்மா சர்வஜயா கடிந்து பேசுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. அதைச் சொன்னேன். உடனே படத்தை நிறுத்திவிட்டார். அரிசிப் பானையைத் தினமும் திறந்து பார்க்கிறவள் அவள்தான், புருஷன் பாட்டுக்கு வெளியூர் போய்விட்டான், நீ யாரைக் குறை சொல்கிறாய் என்று கேட்டார். நெடுநேரம் பேசினோம், பாதி தமிழ், பாதி வங்காளம், மீதி கையாலேயே. எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். அந்தப் படத்தை எனக்குப் புரியவைத்தவர் அவர்.

குடியாத்தம் தமிழாசிரியர்:
கோட்டைப் பூங்காவில் டாக்காக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், மனைவியின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தார். தமிழாசிரியர் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1952 பிப்ரவரி 21 பற்றிச் சொன்னார். அப்போது அவர்கள் ஊர் பாகிஸ்தானோடு இருந்தது. உருது மட்டுமே அரசு மொழி என்பதை எதிர்த்த மாணவர்களை டாக்கா மருத்துவக் கல்லூரிப் பக்கம் சுட்டுக் கொன்றார்கள். ரஃபிக், சலாம், பர்கத், ஜப்பார் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அந்த நாளில் செருப்பில்லாமல் நடந்துபோய் நினைவுத் தூணில் மலர் வைப்பார்களாம். நான் நடராசன், தாளமுத்து, கீழப்பழுவூர் சின்னச்சாமி என்று நம் பெயர்களைச் சொன்னேன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றியும் சொன்னேன். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, நான் உச்சரிக்க உச்சரிக்க அந்தப் பெயர்களை வங்காள எழுத்தில் எழுதிக்கொண்டார்.

யுனெஸ்கோ 1999இல் அந்த நாளைத் தாய்மொழி நாளாக அறிவித்தது. வருடா வருடம் பள்ளியில் கொண்டாடுகிறோம். இப்போது நான் வகுப்பில் இரண்டு ஊர் மொழித் தியாகிகளின் பெயர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

பேரணாம்பட்டு தம்பி:
ஐயா, படித்ததும் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரில் வீட்டுக்குள் உருது, கடைத்தெருவில் தமிழ், மலை தாண்டினால் தெலுங்கு. வங்காளமும் கற்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது, மருந்துக்கடை அண்ணா?

தோட்டப்பாளையம் மருந்துக்கடை:
உருது தெரியும் என்றால் உனக்குப் பாதி வேலை மிச்சம் தம்பி, நிறைய சொற்கள் காதுக்குப் பழக்கமாகவே இருக்கும். எழுத்தை மட்டும் தள்ளிப்போடாதே. நம்ம கடைவீதிப் பலகைகளிலேயே தமிழும் வங்காளமும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கும், தினம் ஒரு பலகையை எழுத்துக்கூட்டிப் படி. சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு கடைக்கு வா. எண்களை நான் எழுதித் தருகிறேன்.