மொட்டை மாடிக்குக் கீழ் அறை, 74 வயது அம்மா: எந்த ஃபேன் வாங்கலாம்?

மாடிவீடு_வேலூர் (மே 9, இரவு 11:40)

வணக்கம். சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். முதல் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். அம்மாவுக்கு 74 வயது. அவர் படுக்கும் அறை 10க்கு 12, உயரம் 9 அடி. கத்திரி தொடங்கியதிலிருந்து இரவு 1 மணிக்கு முன்னால் அவருக்குத் தூக்கமே இல்லை. ஃபேனை 5-இல் வைத்தாலும் "காத்தே வரலியேடி" என்கிறார். நேற்று நானும் அவர் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். வருகிற கொஞ்சக் காற்றும் அடுப்புக்கு எதிரில் நிற்கிற மாதிரி அனலாக வருகிறது.

இருப்பது வீட்டுக்காரர் போட்ட 48 இஞ்ச் சாதாரண சீலிங் ஃபேன். 11 வருடமாக ஓடுகிறது. 4-க்கும் 5-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. முழங்கால் வலி இருப்பதால் ஏசி வேண்டாம் என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஒயரிங்கும் பழையது, எனக்கும் அதில் ஏசி மாட்டத் தைரியம் இல்லை.

கடையில் மூன்று காட்டினார்கள். சாதாரண 48 இஞ்ச் ஒரு ஸ்டார் 1,750 ரூபாய். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார், கரண்ட் குறைவாக இழுப்பது) ஐந்து ஸ்டார், ரிமோட்டுடன் 3,100. மூன்றாவது 36 இஞ்ச் 'ஹை ஸ்பீடு', 1,900. கடைக்காரர் மூன்றாவதைத்தான் எடுக்கச் சொன்னார், "சின்ன ரூமுக்கு இது அள்ளிக் கொட்டும்" என்று. பக்கத்து வீட்டு அக்காவோ பிஎல்டிசியில் காற்றே வராது, கரண்ட் மிச்சம் அவ்வளவுதான் என்கிறார். கையில் 4,000 ரூபாய்தான் இருக்கிறது. ஒரு தடவைதான் வாங்க முடியும், அதனால் யோசித்துச் சொல்லுங்கள்.


ஹாலில்_ஒன்று (மே 10, காலை 7:15)

பிஎல்டிசியில் காற்று வராது என்பது சரியில்லை. எங்கள் வீட்டில் மூன்று வருடமாக இரண்டு ஓடுகின்றன. அட்டைப் பெட்டியில் 'ஏர் டெலிவரி' என்று போட்டு சிஎம்எம் என்ற கணக்கில் ஓர் எண் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதுதான் அது. 48 இஞ்ச் ஃபேனில் அது 210-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 220, 230 இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டார் என்பது அந்தக் காற்றை வாட்டால் வகுத்து வருகிற கணக்கு. அதனால் ஸ்டாரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, காற்றளவைத் தனியாகப் பார்க்க வேண்டும். உங்கள் அக்கா பார்த்த ஃபேன் காற்றளவு குறைந்த மாடலாக இருந்திருக்கலாம்.

கரண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கடையில் "பாதிக்குப் பாதி மிச்சம்" என்பார்கள். அது பழைய ஃபேனோடு ஒப்பிட்டுச் சொல்வது. உங்கள் 11 வருட ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி 30 வாட் பக்கம். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 43 யூனிட் குறையும். ஆனால் 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். அதன்பிறகு வந்த ஒரு ஸ்டார் ஃபேனே 50 வாட் சுற்றித்தான் இழுக்கிறது. அதோடு ஒப்பிட்டால் பிஎல்டிசியில் மிச்சம் 19 யூனிட்தான். இலவச யூனிட் போக உங்கள் பில் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். 500-ஐ ஒட்டி வருகிற வீடு என்றால் அந்த 19 யூனிட்டும் பெரிது, ஏனென்றால் 500-ஐத் தாண்டினால் கீழ்ப் படியில் உள்ள யூனிட்டுகளின் வீதமும் கூடிவிடும்.


காயில்கடை_நெல்லை (மே 10, பகல் 2:05)

அம்மா, நான் பாளையங்கோட்டையில் 37 வருடம் மோட்டார், ஃபேன் வைண்டிங் கடை வைத்திருந்தவன். இப்போது மகன் பார்க்கிறான். நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது: 4-க்கும் 5-க்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே புதிது வாங்குவதற்கு முன் இருக்கிறதைப் பாருங்கள். 4,000 ரூபாயையும் ஃபேனில் போட்டுவிட்டு, அம்மாவுக்கு அப்போதும் தூக்கம் வராமல் போனால் என்ன செய்வீர்கள்?

முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, ஃபேன் முழுதாக நின்றபின், ஒரு நீளக் கம்பால் இறக்கையை மெல்லத் தள்ளிவிடுங்கள். இரண்டு மூன்று சுற்று லேசாகச் சுற்றி நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. தள்ளின இடத்திலேயே கரகரவென்று நின்றால் பேரிங் போய்விட்டது. லேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்டில் மட்டும் மெதுவாக ஓடுகிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு கண்டன்சர்தான் (மோட்டார் சுற்ற உதவுகிற சின்னப் பாகம், அதன் அளவு மேலேயே எண்ணாகப் போட்டிருக்கும்). 11 வருடத்தில் கண்டன்சர் நிச்சயம் தளர்ந்திருக்கும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. பழையதில் 2.5 என்று போட்டிருந்தால் 2.5-தான் போட வேண்டும். "3.15 போட்டா இன்னும் பறக்கும்" என்று சிலர் போட்டுவிடுவார்கள். பறக்கும், அப்புறம் காயில் சூடேறிக் கருகி என் கடைக்கு வரும். அப்படி வந்ததை எத்தனையோ பிரித்திருக்கிறேன். கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும், நீங்களே கை வைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, ராடு. கூரையிலிருந்து இறக்கை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அடியாவது இருக்க வேண்டும். ஃபேன் மேலேயிருந்து காற்றை இழுத்துத்தான் கீழே தள்ளுகிறது. இழுக்க இடம் இல்லாவிட்டால் எந்தக் கம்பெனி ஃபேனும் சும்மா சுற்றும். மொட்டை மாடி அறையில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது: கூரையை ஒட்டி நிற்பதுதான் அந்த அறையிலேயே சூடான காற்று. தரையிலிருந்து இறக்கை 8 அடிக்குக் கிட்டத்தட்ட இருந்தால் தலைக்கும் ஆபத்தில்லை. உங்கள் 9 அடி அறையில் இரண்டும் சரியாக அமையும்.

மூன்றாவது, 36 இஞ்ச் வேண்டாம். அது வேகமாகச் சுற்றும், சத்தம் போடும், நேர் கீழே ஒரு வட்டத்தில் மட்டும் அடிக்கும். கட்டில் முழுவதற்கும் காற்று பரவ வேண்டும் என்றால் 48-தான். 36 இஞ்ச் சமையலறைக்கும் சின்னச் சாப்பாட்டு இடத்துக்கும் உரியது.

பிஎல்டிசியைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், நல்ல பொருள். வோல்டேஜ் குறைந்த நேரத்திலும் வேகம் குறையாது, இன்வெர்ட்டரில் ஓடும்போது அந்த 'ம்ம்ம்' இரைச்சல் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அதன் உயிர் உள்ளே இருக்கிற ஒரு எலக்ட்ரானிக் போர்டில் இருக்கிறது. போர்டு போனால் என் மகனாலும் கட்ட முடியாது, கம்பெனி போர்டு வந்தால்தான் ஓடும். போன மே மாதம் என் தங்கை வீட்டு ஃபேன் 19 நாள் சும்மா தொங்கியது. அதனால் உங்கள் ஊரில் சர்வீஸ் உள்ள கம்பெனியாக எடுங்கள், எத்தனை வருட வாரண்டி, அதில் போர்டும் அடங்குமா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய ரெகுலேட்டர் வழியாக பிஎல்டிசியை ஓட்டக் கூடாது, அதைக் கழற்றி நேர் லைன் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விற்று, போர்டு போனபின் வாடிக்கையாளரைக் குற்றம் சொல்வதைக் கண்டு எனக்குக் கோபமே வந்திருக்கிறது.

இவ்வளவு சொன்னபிறகும் ஒன்று பாக்கி. ஃபேன் அறையைக் குளிர வைக்காது, ஆளைத்தான் குளிர வைக்கும். பெரும்பாலும் வியர்வையைக் காய வைத்துத்தான் உடம்புச் சூட்டை எடுக்கிறது. பகலெல்லாம் வெயில் வாங்கிய காங்கிரீட் இரவு பத்து, பதினொன்று வரை சூட்டைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கூரைக்கு ஏதாவது செய்யாமல் ஃபேனை மட்டும் மாற்றினால் அனல் குறையாது. எங்கள் பக்கத்தில் தென்னங்கீற்றை மாடியில் பரப்பிவிடுவோம். கட்டிலுக்கு நேர் மேலே உள்ள இடத்தில் மட்டும் பரப்பினாலும் போதும். வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பெயின்ட் இன்னும் நல்லது.


வார்டு_அக்கா (மே 10, மாலை 6:30)

தங்கச்சி, நான் 28 வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். ஐயா சொன்னதில் வியர்வை பற்றிய பேச்சு மிக முக்கியம். வயதானவர்களுக்கு வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் குறைந்துவிடும். வியர்வை குறைந்தால் ஃபேனால் கிடைக்கிற குளிர்ச்சியும் குறைந்துவிடும். அதனால் படுக்கும்போது ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, கைகள், கழுத்து, கால்களைத் துடைத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே படுக்க வையுங்கள். இரவில் எழுந்தால் மறுபடியும் ஒரு தடவை. அம்மாவுக்கு உடனே வித்தியாசம் தெரியும்.

பிற்பகல் 2, 3 மணிக்கு அறைக்குள்ளேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் அப்போது ஃபேனை நம்பி அவரை அங்கே விடாதீர்கள். அந்தச் சூட்டில் ஃபேன் அனலை உடம்பின் மேல் கொட்டுகிறது. கீழ் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்க முடியுமா என்று கேளுங்கள். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ, ஆள் மயங்கினாலோ 108-ஐக் கூப்பிட்டுவிட்டு உடம்பை நனைத்துக்கொண்டே இருங்கள்.


மாடிவீடு_வேலூர் (மே 14, இரவு 9:50)

எல்லோருக்கும் நன்றி. காயில்கடை ஐயா, நீங்கள் சொன்னபடி முதலில் கம்பால் தள்ளிப் பார்த்தேன். லேசாகத்தான் சுற்றியது. அப்புறம் டேப்பை எடுத்து அளந்தேன். கூரைக்கும் இறக்கைக்கும் நடுவில் ஐந்தரை அங்குலம்! எலக்ட்ரீஷியன் தம்பி பார்த்துவிட்டு, யாரோ முன்பு ராடை அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள் என்றார். முன்பு இருந்தவர்கள் இரண்டடுக்குக் கட்டில் போட்டிருந்தார்களாம், அதனால் இருக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். 12 அங்குல ராடு, 2.5 கண்டன்சர், கூலி எல்லாம் சேர்த்து 480 ரூபாய். இறக்கையில் விரல் கனத்துக்கு இருந்த தூசியையும் துடைத்தோம்.

அன்று இரவு அம்மா முதலில் சொன்னது, "போர்வையை எடுத்துக் கொடு." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கீற்று இங்கே கிடைக்கவில்லை. அரிசி மண்டியில் பழைய சாக்கு 20 வாங்கி, கட்டிலுக்கு மேல் வருகிற இடத்தில் விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன். சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் தெளிக்கிறேன். மாடியில் வெறுங்காலோடு நடந்து பார்த்தால் சாக்குக்குக் கீழே உள்ள தரைக்கும் பக்கத்துத் தரைக்கும் அவ்வளவு வித்தியாசம். ஈரத் துண்டும் செய்கிறேன் அக்கா. இப்போது பத்தரை, பதினொன்றுக்கெல்லாம் தூங்கிவிடுகிறார். பகல் இரண்டு மணி நேரம் கீழ் வீட்டு அக்காவோடு இருக்கிறார்.

இனி ஃபேன் வாங்க வேண்டுமா என்று யோசித்தேன். எங்கள் ஹாலில் இருப்பது இதைவிடப் பழசு, காலை 6 முதல் இரவு 11 வரை நிற்பதே இல்லை. போன பில் 490 யூனிட். அதனால் பிஎல்டிசியை அம்மா அறைக்கு அல்லாமல் ஹாலுக்கு வாங்கலாம் என்று தோன்றுகிறது. 225 சிஎம்எம், 32 வாட், போர்டுக்கும் சேர்த்து மூன்று வருட வாரண்டி, சர்வீஸ் வேலூரிலேயே இருக்கிறது. சரியா ஐயா?


காயில்கடை_நெல்லை (மே 15, காலை 8:20)

ரொம்பச் சரி. அதிக நேரம் ஓடுகிற இடத்தில்தான் அந்த ஃபேனை மாட்ட வேண்டும். ரிமோட் தேவைப்படாமல் அம்மா பழகின ரெகுலேட்டரோடு அவர் அறை இருப்பதும் நல்லதே.

கழற்றுகிற பழைய ஹால் ஃபேனைக் காசுக்குப் போட்டுவிடாதீர்கள், அது வீட்டுக்காரர் பொருள். மூன்று இறக்கையையும் ஒரே செட்டாகக் கட்டி வையுங்கள், வேறு ஃபேன் இறக்கையோடு கலந்தால் பிறகு ஆடும். புதிது மாட்டும்போது ராடின் போல்ட்டில் நட்டை முறுக்கினால் மட்டும் போதாது. அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிளிட் பின் செருகி இரண்டு காலையும் விரித்து மடக்க வேண்டும். அவசரத்தில் சிலர் அதை அட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். தம்பி மேல் கப்பை மூடுவதற்கு முன்னால், கீழே நின்று அதை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.