இன்சுலின் இறங்கிடுச்சு, சி-பெப்டைடு அசையல: ஹோமா-ஐஆரை நம்பலாமா?

கணையம்24 (கேள்வி)

12 வார ஏரோபிக் பயிற்சி ஆய்வு. நீரிழிவு இல்லாத, உடல் பருமன் உள்ள பெரியவர்கள். பயிற்சிக் குழுவில் 31 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 29 பேர். வெறும் வயிற்று மதிப்புகளின் சராசரி இப்படி வந்திருக்கிறது:

பயிற்சிக் குழு: குளுக்கோஸ் 98 → 97 மி.கி./டெ.லி., இன்சுலின் 14.2 → 9.1 மைக்ரோயூனிட்/மி.லி., சி-பெப்டைடு (இன்சுலினோடு சேர்ந்து கணையம் வெளியிடும் துண்டு) 2.6 → 2.5 நானோகிராம்/மி.லி. ஹோமா-ஐஆர் (வெறும் வயிற்று குளுக்கோஸையும் இன்சுலினையும் வைத்துக் கணக்கிடும் இன்சுலின் எதிர்ப்பு மதிப்பு) 3.4-லிருந்து 2.2.

ஒப்பீட்டுக் குழு: குளுக்கோஸ் 97 → 98, இன்சுலின் 13.8 → 9.6, சி-பெப்டைடு 2.5 → 2.5.

எடை இரண்டு குழுவிலும் பெரிதாக மாறவில்லை. முதல் முறை ரத்தம் எடுத்து 40 நிமிடத்துக்குள் சென்ட்ரிஃபியூஜ் செய்தோம். 12-ஆம் வாரம் ரத்தம் எடுத்த இடம் வேறு. சீரம் குழாய்கள் ஆய்வகத்துக்கு வந்து சுழற்ற ஏறக்குறைய 3 மணி நேரம் ஆனது. சில சீரம் லேசான ரோஜா நிறம். குளுக்கோஸ் மட்டும் (சர்க்கரை சிதையாமல் காக்கும்) ஃபுளோரைடு குழாயில், இரண்டு முறையும். இன்சுலின் கிட் அதேதான், லாட் (தயாரிப்புத் தொகுதி) வேறு. பயிற்சிக் குழுவின் 36 சதவீத இறக்கத்தை முன்னேற்றம் என்று எழுதலாமா?

---

சீரம்பார்ப்பவர்

எழுதாதீங்க. ஒப்பீட்டுக் குழுவும் 30 சதவீதம் இறங்கியிருக்கு. ஒண்ணும் செய்யாம இருந்தவங்களுக்கும் இறங்கினா, அதுல பெரும்பகுதி பயிற்சி பண்ண வேலை இல்ல, அளவீடு பண்ண வேலை.

நீங்க போட்ட எண்கள்லயே துப்பு இருக்கு. கணையம் இன்சுலினையும் சி-பெப்டைடையும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு சம மோல்லதான் வெளியே விடுது. சுரப்பு குறைஞ்சிருந்தா ரெண்டும் சேர்ந்து குறையணும். மோலுக்கு மாத்திப் பாருங்க: முதல் முறை சி-பெப்டைடு சுமார் 860 பைகோமோல்/லி., இன்சுலின் 85, விகிதம் 10. ரெண்டாவது முறை 828-க்கு 55, விகிதம் 15. ஆக, சுரந்த பிறகு எங்கேயோ இன்சுலின் மட்டும் காணாம போயிருக்கு. போற இடம் ரெண்டுதான்: ஒண்ணு உடம்புக்குள்ள, முக்கியமா கல்லீரல், இன்னொண்ணு உங்க குழாய்.

ரோஜா நிறம்னு சொன்னதால, அதாவது சிவப்பணு உடைஞ்சிருக்குங்கிறதால, எனக்குக் குழாய் மேலதான் சந்தேகம். சிவப்பணுவுக்குள்ள இன்சுலினைச் சிதைக்கிற நொதி இருக்கு. அணு உடைஞ்சதும் அது சீரத்துல கலந்து, நீங்க சுழற்றிப் பிரிக்கிற வரைக்கும், பிரிச்ச பிறகு உறைய வைக்கிற வரைக்கும்கூட, இன்சுலினைத் தின்னுக்கிட்டே இருக்கும். அறை வெப்பத்துல 3 மணி நேரம் அதுக்குத் தாராளம். சி-பெப்டைடை அது கிட்டத்தட்ட தொடுறதே இல்ல. அதனாலதான் ஒண்ணு இறங்கி இன்னொண்ணு அப்படியே நிக்குது.

உறுதிப்படுத்த ரெண்டு வேலை.

முதல்ல, மைனஸ் 80 டிகிரியில இருக்கிற அலிகுவாட்கள்ல (பிரிச்சு உறைய வெச்ச சின்னப் பங்குகள்ல) இருந்து ஒவ்வொரு குழுவுலயும் 10 பேரை எடுத்து, அவங்க ரெண்டு முறை கொடுத்த மாதிரியையும் ஒரே பிளேட்ல, பக்கத்துப் பக்கத்துக் குழியில, டூப்ளிகேட்டா (ஒவ்வொண்ணையும் ரெண்டு குழியில) ஓட்டுங்க. ஏற்கெனவே உருக்கின அலிகுவாட்டைத் தொடாதீங்க. இப்போ வித்தியாசம் மறைஞ்சா குற்றவாளி லாட். அப்படியே நின்னா லாட் குற்றமில்ல, மாதிரியே அப்படித்தான் இருக்கு. ஒண்ணு கவனிங்க: உறையறதுக்கு முன்னாடியே சிதைஞ்சுபோன இன்சுலினை மறுபடி ஓட்டி மீட்க முடியாது. இந்தச் சோதனை லாட்டை மட்டும்தான் விடுவிக்கும்.

ரெண்டாவது, வேதியியல் அனலைசர்ல ஹீமோலிசிஸ் குறியீடு (சிவப்பணு எவ்வளவு உடைஞ்சிருக்குங்கிற அளவு) பதிவாகியிருக்கும். ரிப்போர்ட்ல அச்சாகாது, கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. சி-பெப்டைடு/இன்சுலின் விகிதத்தை ஒரு அச்சுல, குறியீட்டை இன்னொரு அச்சுல போட்டு வரைங்க. குறியீடு ஏற ஏற விகிதம் ஏறினா வழக்கு முடிஞ்சது. கண்ணை மட்டும் நம்பாதீங்க. நிறம் தெரியாத சீரத்துலயும் நொதி இருக்கும்.

---

மோல்கணக்கு

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பிளேட்டைத் தொடும் முன் எக்செல்லை ஒருமுறை திறந்து பாருங்கள். இன்சுலின் தரவில் பாதித் தவறு அங்கேதான் நடக்கிறது.

ஹோமா-ஐஆர் 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. அதன் 22.5 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை: இயல்பான ஒருவருக்கு இன்சுலின் 5 மைக்ரோயூனிட், குளுக்கோஸ் 4.5 மில்லிமோல் என்று கொண்டு, அவருடைய மதிப்பு 1 ஆக வரவேண்டும் என்பதற்காக வைத்த பெருக்கல். குளுக்கோஸ் மி.கி./டெ.லி.-இல் இருந்தால் அதே எண் 18 மடங்காகி 405. குளுக்கோஸ் 96, இன்சுலின் 12 என்றால் 96 × 12 ÷ 405 = 2.84.

இன்சுலின் பைகோமோலில் வந்திருப்பதைக் கவனிக்காமல் போட்டால் 2.84 என்பது 17 ஆகிவிடும். அது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத தவறு வேறு. 1 மைக்ரோயூனிட் என்பது 6.00 பைகோமோலா, 6.945-ஆ என்பதில் கருவிக்குக் கருவி, கிட்டுக்குக் கிட் பழக்கம் வேறுபடுகிறது. கருவி 6.945-ஆல் பெருக்கி வெளியிட்டதை நீங்கள் 6-ஆல் வகுத்தால் எல்லோருக்கும் 16 சதவீதம் ஏறிவிடும். முதல் முறை ஒரு கோப்பு, இரண்டாம் முறை வேறு கோப்பு என்றால் இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

ஹோமாவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, லாக் எடுத்து, பெருக்கல் சராசரியாகக் காட்டுங்கள். சராசரி குளுக்கோஸையும் சராசரி இன்சுலினையும் பெருக்குவது தவறு. கேள்வியில் உள்ள 3.4, 2.2 இரண்டும் அப்படி வந்தவை போலத் தெரிகிறது. சராசரிகளைப் பெருக்கினால் துல்லியமாக அதே எண்கள்தான் வருகின்றன.

பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) என்று யாராவது சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். முடிக்கும் நகத்துக்கும் என்று 5, 10 மி.கி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிணைப்பை நம்பியிருக்கும் சாண்ட்விச் வகைச் சோதனைகளில் (இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடித்து அளப்பவை) மதிப்பு பொய்யாகக் குறையும். ஆனால் இன்சுலினும் சி-பெப்டைடும் ஒரே வகைக் கருவியில் ஓடியிருந்தால் இரண்டுமே குறைந்திருக்கும். உங்களிடம் ஒன்றுதான் குறைந்திருக்கிறது. ஆகவே இங்கே அது பின்வரிசைச் சந்தேகம்.

கடைசி உடற்பயிற்சிக்கும் ரத்தம் எடுத்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம்? ஒரே ஒரு பயிற்சியின் விளைவு ஒன்றிரண்டு நாள் தசையில் தங்கும். 72 மணி நேர இடைவெளி விட்டிருந்தால்தான் அதைப் 'பயிற்சிப் பழக்கத்தின் விளைவு' என்று சொல்ல முடியும்.

---

கணையம்24

எக்செல் பார்த்தேன்: அலகு சரி, மாற்று எண் இரண்டு முறையும் 6.00. ஹோமா தவறு என்னுடையதே, திருத்துகிறேன். கடைசிப் பயிற்சிக்குப் பின் 24 முதல் 30 மணி நேரம்தான். ஹீமோலிசிஸ் குறியீடு இரண்டாம் முறை தெளிவாக அதிகம், விகிதமும் அதோடு சேர்ந்தே ஏறுகிறது. குறியீட்டை வைத்து இன்சுலினைத் திருத்த ஏதாவது சூத்திரம் உண்டா?

---

சீரம்பார்ப்பவர்

கிடையாது. இழப்பு எவ்வளவுங்கிறது எத்தனை அணு உடைஞ்சது, எத்தனை நிமிஷம் கிடந்தது, எந்த வெப்பத்துல கிடந்தது, மூணையும் பொறுத்தது. குறியீடு முதலாவதை மட்டும்தான் சொல்லும். ஒரே குறியீடு உள்ள ரெண்டு குழாய்ல, ஒண்ணு ஐஸ்ல வந்திருந்தா 10 சதவீதம் போயிருக்கலாம், இன்னொண்ணு வெளியில கிடந்திருந்தா பாதியே போயிருக்கலாம்.

அடுத்த முறைக்கு: 21 கேஜ் ஊசி, சிரிஞ்சை வேகமா இழுக்கவும் வேணாம், குழாய்க்குள்ள அழுத்தித் தள்ளவும் வேணாம், குழாயைக் குலுக்காம 8 தடவை மெதுவா கவிழ்த்து நிமிர்த்தினா போதும். சீரத்துக்குப் பதிலா ஈடிடிஏ (ரத்தம் உறையாம தடுக்கிற பொருள்) குழாய்ல பிளாஸ்மா எடுங்க. அந்த நொதி துத்தநாகம் இல்லாம வேலை செய்யாது. ஈடிடிஏ துத்தநாகத்தைப் பிடிச்சுக்கும். கிட் தாள்ல ஈடிடிஏ பிளாஸ்மா அனுமதிச்சிருக்கான்னு மட்டும் முதல்ல பாருங்க. ஒரே ஆய்வுல முதல் முறை சீரம், அடுத்த முறை பிளாஸ்மான்னு கலந்துடாதீங்க, அது தனித் தலைவலி.

---

கிளாம்ப்காரர்

தாமதமா வர்றேன். குழாய் பிரச்சினையைத் தீர்த்தாலும் உங்க கேள்விக்கு ஹோமா சரியான கருவி இல்லைங்கிறது என் கருத்து. வெறும் வயிற்று எண்கள் பெரும்பாலும் கல்லீரலைத்தான் காட்டும். ராத்திரி முழுக்க குளுக்கோஸை விடுறது அதுதான். கணையம் விடுற இன்சுலின்ல பாதியை முதல் சுற்றுலயே வடிகட்டி எடுக்கிறதும் அதுதான். ஏரோபிக் பயிற்சியோட முதல் பலன் தசையில. அது ஹோமால தெரியாமலே போகலாம்.

சரியான கருவி கிளாம்ப்: இன்சுலினை ஏத்திக்கிட்டே, குளுக்கோஸை ஒரே அளவுல நிறுத்த எவ்வளவு குளுக்கோஸ் விட வேண்டியிருக்குன்னு அளக்கிற சோதனை. 60 பேருக்கும் அது நடக்காத காரியம். குழுவுக்கு 8 பேர்னு ஒரு துணைக் குழு போதும். 1979-ல டிஃப்ரான்ஸோ குழு எழுதின முறைதான்: ஒரு கையில இன்சுலினும் 20 சதவீத டெக்ஸ்ட்ரோஸும், இன்னொரு கையைச் சூடாக்கி அங்கிருந்து ரத்தம். இன்சுலின் நிமிஷத்துக்குச் சதுர மீட்டருக்கு 40 மில்லியூனிட், 5 நிமிஷத்துக்கு ஒருமுறை குளுக்கோஸ் பார்த்து 90-ஐ ஒட்டி நிறுத்தணும், 120 நிமிஷம். கடைசி 30 நிமிஷத்துல குளுக்கோஸோட மாறுபாட்டுக் கெழு 5 சதவீதத்துக்குள்ள இருந்தாதான் அந்த கிளாம்ப் கணக்குல சேரும்.

கெட்டுப்போற இடங்கள் வழக்கமானவை. இன்சுலின் பிளாஸ்டிக் குழாய் சுவத்துல ஒட்டிக்கும். உப்புக் கரைசல்ல அவங்க ரத்தத்துலயே 2 மி.லி. இல்லாட்டி அல்புமின் சேர்க்காம விட்டா, முதல் அரை மணி நேரம் நீங்க நினைக்கிற அளவு போகவே போகாது. டெக்ஸ்ட்ரோஸ் ஏறுற கையிலயே ரத்தம் எடுத்தா குளுக்கோஸ் பொய்யா ஏறும், நீங்க வேகத்தைக் குறைப்பீங்க, உண்மையில அவர் தாழ்சர்க்கரைக்குப் போய்க்கிட்டிருப்பார். பொட்டாசியத்தையும் கவனிங்க, இன்சுலின் அதையும் செல்லுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிடும்.

யாரும் பார்க்காத ஒண்ணு: பை லேபிள்ல இருக்கிற 20 சதவீதம் நீரற்ற குளுக்கோஸா, மோனோஹைட்ரேட்டா? 80 கிலோ ஆளுக்கு மணிக்கு 150 மி.லி. ஓடுதுன்னா கிலோவுக்கு நிமிஷத்துக்கு 6.25 மி.கி. மோனோஹைட்ரேட்டா இருந்தா உண்மையான குளுக்கோஸ் அதுல 0.91 பங்குதான், அதாவது 5.7. பாதி ஆய்வுல நீரற்றதுல இருந்து மோனோஹைட்ரேட்டுக்குப் பை மாறினா சுமார் 10 சதவீத 'முன்னேற்றம்' இலவசமா வந்துடும். எம் மதிப்பை (நிமிஷத்துக்கு உடம்பு எடுத்துக்கிற குளுக்கோஸ் அளவை) மொத்த எடைக்குப் போடாம, கொழுப்பு நீங்கிய எடைக்குப் போடுங்க.

---

மோல்கணக்கு

கையில் இருக்கும் தரவுக்கு ஒரு வழி: ஹோமா-2 (ஹோமாவின் புதிய கணினி வடிவம்) கணிப்பான் இன்சுலினுக்குப் பதில் சி-பெப்டைடையும் ஏற்கும். உங்கள் சி-பெப்டைடு பிழைத்திருப்பதால் அதை வைத்து இரண்டு முறைக்கும் ஓட்டலாம். சி-பெப்டைடு சுரப்பைத்தான் சொல்கிறது, திசுக்களுக்குப் போய்ச் சேர்ந்த இன்சுலினை அல்ல. எனவே அதைத் துணைப் பகுப்பாய்வாக, பெயர் சொல்லி, தனியாகக் காட்டுங்கள். முதன்மை அட்டவணையில் 12-ஆம் வார இன்சுலின் வேண்டாம். ஏன் நீக்கினீர்கள் என்பதை ஹீமோலிசிஸ் படத்தோடு முறைகள் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். மதிப்பாய்வாளர் எப்படியும் ஒப்பீட்டுக் குழுவின் 9.6-ஐத்தான் முதலில் கேட்பார்.