சோலையோரத்தில் கிடந்த சாம்பல்நிற இறகு

நீலகிரியில் சோலையை ஒட்டி ஒரு சாம்பல்நிற இறகு கண்ணில் பட்டால், அது நீலகிரி காட்டுப்புறாவினுடையதாகத்தான் இருக்கும் என்று பலரும் உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வேறெங்கும் வாழாத பறவை என்பதால் அந்த ஆசை இயல்பானதே. ஆனால் இறகு கிடந்த இடத்தை மட்டும் வைத்து அது எந்தப் பறவையுடையது என்று சொல்லிவிட முடியாது. குன்னூரிலிருந்து டால்பின் நோஸ் செல்லும் சாலையில், லேம்ப்ஸ் ராக்கைத் தாண்டி, ஒரு பாறையின் அடியில் நான் பார்த்த இறகுக் குவியலே இதற்குச் சான்று.

குவியலில் இருந்தவற்றுள் நீளமானதை முதலில் எடுத்தேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. தண்டின் ஒருபுற மடல் மிகவும் குறுகி, விறைப்பாக, கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது. மறுபுற மடலோ பல மடங்கு அகன்று, காம்பை நோக்கிச் செல்லச் செல்ல வெளிர்ந்துகொண்டே போனது. பறக்கும்போது காற்றை எதிர்கொள்ளும் முன்விளிம்பு குறுகலாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்பதால், சிறகின் நுனிப்பகுதியில் உள்ள முதன்மை இறகுகளில்தான் இந்த வேறுபாடு இவ்வளவு தூக்கலாகத் தெரியும். புறாவின் ஒவ்வொரு சிறகிலும் இப்படிப்பட்ட இறகுகள் பத்து உண்டு. நுனி மேலே இருக்குமாறும், தண்டில் பள்ளம் ஓடும் அடிப்பக்கம் கண்ணுக்கு மறைந்திருக்குமாறும் பிடித்துப் பார்த்தபோது, குறுகிய மடல் என் வலப்பக்கம் வந்தது. ஆகவே அது இடச்சிறகிலிருந்து வந்த இறகு. கீழே வைத்த பிறகும், அரிசிமாவைத் தொட்டதுபோல் விரல்களில் மெல்லிய வெண்தூள் படிந்திருந்தது. புறாக்களின் இறகில் இந்தத் தூள் மிகுதி என்பதால், எந்தக் குடும்பத்துப் பறவை என்பது அங்கேயே ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

எந்தப் புறா என்பதைச் சொன்னவை மற்ற இறகுகள். முதன்மை இறகுகளைவிடக் குட்டையாக, நுனி மழுங்கியிருந்த இரண்டாம்நிலை இறகுகள் (சிறகில் முதன்மை இறகுகளுக்கும் உடலுக்கும் இடையே உள்ளவை) சிலவற்றில், வெளிர்சாம்பலின் குறுக்கே கரும்பட்டை தெளிவாக ஓடியது. மாடப்புறா அமர்ந்திருக்கும்போது சிறகில் நாம் காணும் இரண்டு கருங்கோடுகள் இத்தகைய இறகுகளும் அவற்றின் அடிப்பகுதியை மூடியிருக்கும் இறகுகளும் சேர்ந்து உண்டாக்குபவை. வாலிறகுகளின் முனையிலும் கரும்பட்டை இருந்தது. அவற்றுள் ஓர் ஓரத்து இறகின் வெளிமடல் வெளுத்திருந்தது. காட்டுப்புறா இதைவிடப் பெரிய பறவை. அதன் சிறகில் இந்தக் கோடுகள் இல்லை, கழுத்தின் பின்புறத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் இருக்கும், மேல்முதுகு செம்பழுப்பாக இருக்கும். குவியலை எவ்வளவு துழாவியும் வெள்ளை நுனியுள்ள கழுத்திறகோ செம்பழுப்பு இறகோ அகப்படவில்லை. பச்சையும் ஊதாவுமாக மின்னிய சிற்றிறகுகளே கிடைத்தன.

ஊர்க்கட்டடங்களில் அடையும் மாடப்புறாவின் இறகு இங்கே எப்படி வந்தது? காம்புகள் எல்லாம் நுனிவரை முழுமையாக இருந்தன. கீரியோ காட்டுப்பூனையோ தின்றிருந்தால் தண்டுகள் கடிபட்டு முறிந்திருக்கும். முழு இறகாகப் பிடுங்கிப் போடுவது இரைகொல்லிப் பறவைகளின் வழக்கம். இந்தச் செங்குத்துப் பாறைகளின் மேல் ஷாகின் வல்லூறு வட்டமிடுவதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். புறாக்களை வானிலேயே அடித்துப் பிடித்து, விருப்பமான பாறைக்குக் கொண்டுபோய் இறகு களையும் பறவை அது. இங்கும் அதுதான் வந்ததா என்பதை இறகுகளை வைத்து மட்டும் சொல்ல இயலாது. ஆனால் இரை வேறிடத்தில் பிடிபட்டிருக்கலாம் என்பதை நாம் எப்போதும் கருத்தில் கொள்ள வேண்டும்.

குவியலாக இல்லாமல் ஒற்றை இறகாகக் கிடந்தால், அது பெரும்பாலும் இறகுதிர்வில் விழுந்தது. புறாக்கள் உட்புற முதன்மை இறகில் தொடங்கி வெளிநோக்கி, பறக்கும் ஆற்றல் குன்றாதபடி ஒவ்வொன்றாக, பல மாதங்கள் எடுத்துக்கொண்டு உதிர்க்கின்றன. அப்படிக் கிடைக்கும் ஒற்றை முதன்மை இறகில் கருங்கோட்டையோ வாற்பட்டையையோ எதிர்பார்க்க முடியாது என்பதால், மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் அளவுகோலுடன் படம் எடுத்துப் பகிருங்கள். காட்டுப்பறவைகளின் இறகுகளைச் சேகரித்து வைத்துக்கொள்வதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துவதால், படம் எடுத்தபின் இறகை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. ஊட்டி, குன்னூர் கடைத்தெருக்களில் வெள்ளை இறகு கிடைத்தால் மட்டும் நிறத்தை நம்ப வேண்டாம். வளர்ப்புப் புறாக்களின் வழிவந்தவற்றில் வெள்ளையும் செம்பழுப்பும் சாதாரணம் என்பதால், அங்கே இறகின் வடிவத்தையும் அளவையும் வைத்தே பார்க்க வேண்டியிருக்கும்.